வரம் கொடுத்த சாமியும் ஃபயர்வால் பூசாரியும்

"க்விக்ல பாக்கெட் நம்பரைக்கூட மறைச்சு வச்சிட்டாங்களே சார், இனி நாம எதைப் பார்த்துக் கோளாறு கண்டுபிடிக்கிறது?" என்று எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி கேட்டார். க்விக் என்பது இணையத்தில் தரவைத் துண்டு துண்டாக, அதாவது பாக்கெட்டுகளாக, அனுப்பும் புதிய முறை. பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்துவைத்து அரை மணி நேரம் முழித்துவிட்டு வந்த கேள்வி. "மறைத்தது ரொம்பச் சரி. வழியில் நடுவே உட்கார்ந்து பாக்கெட்டில் கைவைக்கிற அந்தப் பெட்டிக்காரர்களுக்கு அப்படித்தான் செய்யணும்" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அவர் போன பிறகு உள்ளுக்குள் என்னவோ உறுத்தியது. இந்த வேலையில் நான் உருப்படியாகக் கண்டுபிடித்தது என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு. அன்றைக்கு அந்த நம்பர்கள் மறைந்திருந்தால் அதையும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். அப்புறம் எந்த வாயால் 'ரொம்பச் சரி' என்றேன்? ஒரு வாரமாக இது அடங்கவில்லை. அதனால் அந்தப் பழைய கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு, நான் வேலை பார்த்த இடத்தில் தினமும் ராத்திரி சென்னை அலுவலகத்திலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டில் இருந்த ஒரு சர்வருக்கு பேக்கப் போகும். ஒரு பாக்கெட் போய்ப் பதில் வர 150 மில்லி விநாடிக்குப் பக்கம் ஆகும். சில ராத்திரிகளில் 40 நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். சில ராத்திரிகளில், காலையில் நான் வந்து காபி குடித்து முடித்த பிறகும் பாதியில் நிற்கும். இணைப்பு அறுந்திருக்காது. பிழைச் செய்தி ஒன்றும் இருக்காது. வரைபடத்தில் வேகம் மேலே ஏறும், திடீரென்று தரையைத் தொடும், கொஞ்ச நேரம் செத்தது போல் கிடக்கும், மறுபடி எழுந்து நாலு எட்டு வைத்து மறுபடி விழும். பிங் நன்றாக இருக்கும். பிரௌசர் நன்றாக இருக்கும். ஸ்பீட் டெஸ்ட் போட்டால் கொடுத்த காசுக்கு மேலேயே காட்டும்.

இணைய சேவை நிறுவனத்துக்கு போன் போட்டால் தினமும் ஒரே பதில்தான். "சார், எங்க பக்கம் லிங்க் க்ளீனா இருக்கு. வேற எந்த சைட்டாவது ஸ்லோவா இருக்கா சார்?" வேறு எதுவும் மெதுவாக இல்லை, அதுதான் என் வயிற்றெரிச்சல். இரண்டு வாரம் அவர்களோடு சண்டை போட்டேன். கடைசிப் பக்கத்தில் டிக்கெட் எண்களாகவே நிரம்பிய ஒரு நோட்டுப்புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அவர்கள் மேல் எனக்கு இருந்த சந்தேகத்தில் ஒரு நூலளவு உண்மையும் இருந்தது. அந்த வழியில் அவ்வப்போது பாக்கெட்டுகள் தொலைந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அந்த அளவுக்குத் தொலைந்தால், தொலைந்ததை மறுபடி அனுப்பித் தானே சமாளித்துக்கொள்ளத்தானே டிசிபி என்ற பரிமாற்ற விதிமுறை இருக்கிறது? அது ஏன் சமாளிக்கவில்லை?

இரண்டு ஜன்னல்கள்

நான் செய்த தவறு, எல்லாரும் செய்கிற தவறுதான்: ஒரு பக்கத்தில் மட்டும் கேப்சர் (ஓடும் பாக்கெட்டுகளின் பதிவு) எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் பக்கத்து கேப்சர் நாம் அனுப்பியதைக் காட்டும். போய்ச் சேர்ந்தது என்ன என்று அதற்குத் தெரியாது. ஒரு சனிக்கிழமை, வேறு வழியில்லாமல், இரண்டு முனைகளிலும் ஒரே நேரத்தில் கேப்சர் போட்டு, இரண்டு ஜன்னல்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே பாக்கெட்டை இரண்டிலும் தேடினேன். கிடைக்கவில்லை. சென்னையில் கிளம்பிய சீக்வென்ஸ் நம்பர், அதாவது தரவில் ஒவ்வொரு துண்டின் இடத்தைச் சொல்லும் வரிசை எண், எதுவும் ஃபிராங்க்ஃபர்ட்டில் இல்லை. அங்கே இருந்த நம்பர் எதுவும் இங்கே இல்லை. முதலில் தப்பான ஃபைலைத் திறந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பிறகு உள்ளே இருக்கும் தரவை வைத்துப் பொருத்தினேன். பாக்கெட் அதேதான், நம்பர்தான் வேறு. ஒரு இணைப்பில் எல்லா நம்பர்களும் ஒரே அளவு தள்ளிப்போயிருந்தன. அடுத்த இணைப்பில் வேறொரு அளவு. நடுவில் யாரோ ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு ரகசிய எண்ணை எடுத்துக் கூட்டி அனுப்புகிறார்கள். 'வந்து சேர்ந்தது' என்று திரும்பி வரும் ஒப்புகையில் அதையே கழித்துவிடுகிறார்கள்.

கூட்டிக் கழித்தது சரியாக இருந்தால் எங்களுக்குத் தெரியவே வந்திருக்காது. சரியாக இல்லாத இடம் ஒன்று இருந்தது, அதுதான் சாக் என்ற கூடுதல் ஒப்புகை வசதி. ஒரு பாக்கெட் தொலைந்ததும் பெறுகிற முனை, "இதுவரை எல்லாம் வந்தது" என்று ஒப்புகை எண்ணைச் சொல்லுவதோடு நிறுத்தாமல், "அதற்கு அப்பாலும் இங்கிருந்து இதுவரை வந்துவிட்டது, நடுவில் இருப்பதை மட்டும் அனுப்பு" என்று பாக்கெட் தலைப்பின் ஆப்ஷன் பகுதியில் எல்லைகளை எழுதி அனுப்பும். எங்கள் நடுவில் இருந்தவர் ஒப்புகை எண்ணில் கழித்தார். ஆப்ஷனுக்குள் இருந்த எல்லைகளைத் தொடவில்லை. விளைவாக சென்னை சர்வருக்கு வந்த செய்தி ஏறத்தாழ இப்படி இருந்தது: "நீ அனுப்பியதில் முதல் 12 லட்சம் பைட் வந்தது; அதோடு 200 கோடி பைட்டுக்கு அப்பால் ஒரு துண்டும் வந்தது." அனுப்பவே இல்லாத துண்டு. அந்த சர்வரின் இயங்குதளமான லினக்ஸ் அதை அபத்தம் என்று தள்ளிவிட்டது, அதில் தப்பே இல்லை. ஆனால் சாக் பேசிக்கொண்ட இணைப்பில் லினக்ஸ் வெறும் மறு ஒப்புகைகளை எண்ணிப் பார்த்துத் தொலைந்ததை யூகிப்பதில்லை. சாக் எல்லைகளைத்தான் நம்பும். எல்லைகள் குப்பை என்பதால் விரைவாக மறுபடி அனுப்பும் வழியே அடைபட்டுவிட்டது. டைமர் தீரும்வரை காத்திருந்து, வேகத்தைச் சுருட்டிக்கொண்டு, முதலிலிருந்து ஏற வேண்டும். ஒரு பாக்கெட் தொலையும் ஒவ்வொரு முறையும் இதே கதை. எதுவும் தொலையாத ராத்திரி 40 நிமிடம். தொலைந்த ராத்திரி விடிய விடிய.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்று சொல்லுவார்களே, அதேதான். சென்னையும் ஃபிராங்க்ஃபர்ட்டும் சாக் பேசத் தயார் என்று கைகுலுக்கிக்கொண்டுவிட்டன. நடுவில் இருப்பவரை யாரும் கேட்கவில்லை.

அந்தப் பூசாரி யார் என்று கண்டுபிடித்த விதம் எனக்கு இன்றும் பிடிக்கும். ஒவ்வொரு ஐபி பாக்கெட்டிலும் ஓர் ஆயுள் எண் உண்டு. ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும். பூஜ்யமானால் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு "உன் பாக்கெட் என்னிடம் செத்துப்போனது" என்று ஐசிஎம்பி செய்தி அனுப்பும். பாக்கெட் போகும் வழியைக் காட்டும் ட்ரேஸ்ரூட் கருவி அதை வைத்துத்தான் ஓடுகிறது. அந்தச் செய்திக்குள், செத்த பாக்கெட்டின் தலைப்பகுதியை அந்த ரவுட்டர் நகலெடுத்துவைக்கும். அதாவது, அந்த இடத்தை அடைந்தபோது பாக்கெட் எப்படி இருந்ததோ அந்தக் கோலத்தில். 2013இல் பெல்ஜியத்து ஆராய்ச்சியாளர்கள் இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு ட்ரேஸ்பாக்ஸ் என்ற கருவியைச் செய்தார்கள்: அனுப்பியதையும் நகலையும் ஒப்பிட்டால் எந்த இரண்டு ரவுட்டர்களுக்கு நடுவே கைவைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். 1981இன் ஆர்எஃப்சி 792 (ஆர்எஃப்சி என்பது இணைய விதிமுறைகளை எழுதிவைக்கும் ஆவணம்), ஐபி தலைப்புக்கு அப்பால் 8 பைட்டை நகலெடுத்தால் போதும் என்கிறது. பிறகு 1995இல் வந்த ஆர்எஃப்சி 1812 இன்னும் நிறைய நகலெடுக்கச் சொன்னது. புது ரவுட்டர்கள் பல அப்படிச் செய்கின்றன, ஆப்ஷன்கள் வரை தெரியும். எனக்கு அந்தப் பழைய 8 பைட்டே போதுமாக இருந்தது. டிசிபியின் முதல் 8 பைட் என்ன? இரண்டு போர்ட் எண்கள், அதற்கடுத்து சீக்வென்ஸ் நம்பர். சரியாக அங்கே முடிகிறது!

முதல் தாவலிலிருந்து, அதாவது வழியில் முதலில் வரும் கருவியிலிருந்து, வந்த நகலில் நம்பர் நான் அனுப்பியபடியே இருந்தது. இரண்டாவது தாவலில் மாறியிருந்தது. முதல் தாவல் எங்கள் சொந்த ஸ்விட்ச். இரண்டாவது, சேவை நிறுவனத்தின் ரவுட்டர். நடுவே ட்ரேஸ்ரூட்டில் தலையே காட்டாமல், ஆயுள் எண்ணைக் குறைக்காமல் உட்கார்ந்திருந்தது எங்கள் சொந்த ஃபயர்வால். என் நாற்காலியிலிருந்து பத்தடி தூரத்தில், நானே திருகு முடுக்கி ரேக்கில் ஏற்றிய பெட்டி. இரண்டு வாரமாக யாரோ ஒரு முகம் தெரியாத ஹெல்ப்டெஸ்க் பையனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

நல்ல எண்ணம்தான்

அந்தப் பெட்டி ஏன் நம்பரை மாற்றியது? காரணம் நல்ல காரணம். பழைய இயங்குதளங்கள் இணைப்பைத் தொடங்கும் சீக்வென்ஸ் நம்பரை எளிதாக ஊகிக்கும்படி வைத்துக்கொண்டிருந்தன. ஊகிக்க முடிந்தால் வேறொருவர் போல நடித்து இணைப்புக்குள் நுழையலாம் என்று ராபர்ட் மாரிஸ் 1985இலேயே எழுதிவிட்டார். 1994 கிறிஸ்துமஸ் நாளில் கணினிப் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் சுடோமு ஷிமோமுராவின் கணினிகளுக்குள் திருட்டுத்தனமாக நுழைந்தது அந்த வழியில்தான். முதல் நம்பரை ஊகிக்க முடியாதபடி தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 1996 மே மாதத்தில் ஆர்எஃப்சி 1948 வந்தது. எல்லாரும் தங்கள் பழைய கணினிகளைத் திருத்தவா போகிறார்கள்? ஃபயர்வால்காரர்கள், "நீங்கள் திருத்த வேண்டாம், நாங்களே வாசலில் மாற்றிக்கொடுக்கிறோம்" என்றார்கள். அதே 1996இல், அக்டோபரில், சாக்கை வரையறுக்கும் ஆர்எஃப்சி 2018 வந்தது. எங்கள் பெட்டியைச் செய்தவர்கள் முதல் கவலையைத் தீர்த்துவிட்டார்கள். இரண்டாவது ஆவணத்தைப் புரட்டவில்லை. அந்த வசதியை அணைத்தால் போகுமே என்று கேட்கலாம். அணைக்கத் தலைமை அலுவலகத்தின் பாதுகாப்புக் குழு ஒப்புதல் தர வேண்டும். அது ஒரு தனி ராமாயணம். இப்போதைக்கு என்று சர்வரில் சாக்கை அணைத்துவைத்தேன். வெறும் மறு ஒப்புகைகளை எண்ணும் பழைய வழிக்கு டிசிபி திரும்பிக்கொண்டது. பேக்கப் ஒழுங்காக முடியத் தொடங்கியது.

இது என் வீட்டுச் சங்கதி என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு, நெட்வொர்க் ஆராய்ச்சியாளர்களான மிச்சியோ ஹோண்டாவும் மார்க் ஹேண்ட்லி முதலானவர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோதுதான் ஊர் முழுக்க இதே கதை என்று புரிந்தது. டிசிபியை இனியும் நீட்டிக்க முடியுமா என்பதுதான் அவர்கள் கேள்வி. 2010 செப்டம்பரிலிருந்து 2011 ஏப்ரல் வரை 24 நாடுகளில் 142 நெட்வொர்க்குகளிலிருந்து அளந்தார்கள். அளந்த விதம் எளிமையானது: ஒரு முனையில் வேண்டுமென்றே விநோதமான டிசிபி பாக்கெட்டுகளைச் செய்து அனுப்ப வேண்டும், மறுமுனையில் இருக்கும் சர்வரும் நம்முடையதே என்பதால், வந்து சேர்ந்தது எந்தக் கோலத்தில் இருந்தது என்று அது திருப்பிச் சொல்லும். என் இரண்டு ஜன்னல்கள்தான், 142 இடங்களில்! ஏறத்தாழ 10 சதவீத வழிகளில் தொடக்க சீக்வென்ஸ் நம்பர் மாறியிருந்தது. வலைப் போக்குவரத்துக்கான 80ஆம் போர்ட்டில் 18 சதவீதம். தெரியாத ஆப்ஷன் ஒன்றை வைத்து அனுப்பினால் 6 சதவீத வழிகளில் அது உருவப்பட்டது. 80ஆம் போர்ட்டில் 14 சதவீதம். நெரிசலான போர்ட் என்றால் 'உதவி'யும் அதிகம்.

தூக்கிப் போடுகிற பெட்டியைவிடப் பாதி உதவி செய்கிற பெட்டிதான் ஆபத்து என்பது என் கட்சி. ஆப்ஷனை முழுதாக உருவிவிட்டால் இரண்டு முனைகளும் பழையபடி பேசிக்கொள்ளும், நஷ்டம் கொஞ்சம்தான். 2004இல் லினக்ஸ்காரர்களுக்கு நேர்ந்தது வேறு: சில ரவுட்டர்கள் ஒரே மூச்சில் எவ்வளவு அனுப்பலாம் என்ற எண்ணைப் பெருக்கிக்கொள்ளச் சொல்லும் விண்டோ ஸ்கேலிங் ஆப்ஷனை உருவாமல் விட்டுவிட்டு, அதற்குள் இருந்த பெருக்கெண்ணை மட்டும் பூஜ்யமாக்கின. ஒரு முனை தான் சொன்ன எண் பெருக்கப்படும் என்று நம்பும்; மறுமுனை அப்படியே எடுத்துக்கொள்ளும். இணைப்பு கிடைக்கும், ஆனால் நகராது. யாரைக் குற்றம் சொல்வது? பயனருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை மாற்றினேன், இணையதளம் திறக்கவில்லை. அப்படியானால் கெர்னல்தானே தப்பு?

ஈசிஎன் கதை இன்னும் வயிறு எரியும். நெரிசல் வந்தால் பாக்கெட்டைத் தூக்கிப் போடாமல் ஒரு குறியிட்டு அனுப்பினால் போதும் என்பது அதன் யோசனை. அதற்கு டிசிபி தலைப்பில் ஒதுக்கிவைத்திருந்த பிட்டுகளில் இரண்டை எடுத்துக்கொண்டார்கள். 1981இன் ஆர்எஃப்சி 793இல் அந்தப் பிட்டுகள் எதிர்காலப் பயன்பாட்டுக்கு, பூஜ்யமாக இருக்க வேண்டும் என்று இருக்கிறது. எழுதியவர்கள் அழுத்தம் கொடுத்தது 'எதிர்காலம்' என்பதற்கு. ஃபயர்வால் செய்தவர்கள் படித்தது 'பூஜ்யம்' என்பதை மட்டும். பூஜ்யமாக இல்லையா, ஏதோ தாக்குதல், இணைப்பை அறுக்கும் ரீசெட் அனுப்பு. இப்படி ரீசெட் அனுப்புவது கெடுதல் என்று சாலி ஃபிளாய்ட் 2002இல் ஒரு தனி ஆர்எஃப்சியே எழுத வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் லினக்ஸ் பல வருடங்களாகத் தானே ஈசிஎன் கேட்காது, மற்றவர் கேட்டால் சம்மதிக்கும் என்ற நிலையிலேயே இருந்தது. கல்யாண வீட்டில் யாராவது ஆரம்பிக்கட்டும் என்று எல்லாரும் இலை முன்னால் உட்கார்ந்திருப்பது மாதிரி.

உறையை ஒட்டியவர்கள்

அளந்து பார்த்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் தம்பியின் கேள்விக்குப் பாதி பதில். பல வழிகளை ஒரே இணைப்பாகச் சேர்க்கும் மல்ட்டிபாத் டிசிபியை 2013இல் வரையறுத்தபோது, எண்களை இணைப்பின் தொடக்கத்திலிருந்து கணக்கிட்டு எழுத வேண்டும் என்று வைத்தார்கள். காரணத்தையும் அந்த ஆர்எஃப்சியே வெளிப்படையாகச் சொல்கிறது: நடுவில் ஃபயர்வால்கள் தொடக்க எண்ணை மாற்றக்கூடும். அந்த வரியை முதலில் படித்தபோது என் ரேக்கில் இருந்த பெட்டிக்காகவே யாரோ எழுதியது போல இருந்தது. சாக் அப்படி எழுதப்பட்டிருந்தால் எனக்கு அந்த இரண்டு வாரம் மிச்சம். அதற்கு 1996இல் யாரும் ஜோசியம் பார்த்திருக்க முடியாது, அது வேறு விஷயம்.

இன்னொரு கூட்டம் வேஷம் போட்டது. இணைப்பைப் பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கும் விதிமுறையின் 2018இல் வந்த பதிப்பான டிஎல்எஸ் 1.3, பதிப்பு எண் இருக்கும் இடத்தில் 1.2 என்றே எழுதிக்கொண்டு, தனக்குத் தேவையே இல்லாத ஒரு பழைய செய்தியையும் ஒப்புக்கு அனுப்பிக்கொண்டு நடுப்பெட்டிகளைக் கடந்து போகிறது. க்விக் அதற்கும் மேலே போனது. கூகுள் அதை முதலில் சோதித்துக்கொண்டிருந்த காலத்தில் தலைப்பில் இருந்த கொடிப் பிட்டுகளில் ஒன்றை மாற்றினார்கள். ஒரு ஃபயர்வாலுக்குப் பின்னால் இருந்த பயனர்களுக்கு எல்லாம் நின்றுபோனது. அந்தப் பெட்டி பழைய பைட்டை மனப்பாடம் செய்து வைத்திருந்தது. முதல் சில பாக்கெட்டுகளை விட்டுவிட்டு மீதியைத் தூக்கிப் போட்டது. எது கண்ணுக்குத் தெரிகிறதோ அதை யாராவது மனப்பாடம் செய்வார்கள், மனப்பாடம் செய்துவிட்டால் பிறகு மாற்ற முடியாது என்று 2017இல் அவர்கள் எழுதிய கட்டுரையைப் படித்தவர்கள், அவர்கள் உறையை ஒட்டிவிட்டதை, அதாவது தலைப்பையும் மறையாக்கிவிட்டதை, ஏன் என்று கேட்க மாட்டார்கள். 2021இல் ஆர்எஃப்சி 9000 ஆக வந்தபோது பாக்கெட் எண் உட்பட ஏறக்குறைய எல்லாமே மறைந்திருந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு என்று நீண்ட விவாதத்துக்குப் பின் ஒரே ஒரு பிட் கிடைத்தது: ஸ்பின் பிட். போய்வரும் நேரத்தை அதை வைத்து அளக்கலாம். அதுவும் கட்டாயமில்லை.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. அந்தச் சனிக்கிழமை க்விக்காக இருந்திருந்தால் பெட்டியால் நம்பரை மாற்றவே முடியாது, கோளாறே வந்திருக்காது. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெட்டிகளால் வராத கோளாறுகளும் உண்டு. தேய்ந்த கேபிள், நிரம்பி வழியும் க்யூ, மூன்றாவது தாவலில் மட்டும் தொலைகிற பாக்கெட். அதையெல்லாம் வழியில் நின்று பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி எங்களுக்குப் போய்விட்டது. முனையில் இருப்பவர் பதிவுகளைக் கொடுத்தால்தான் உண்டு. முனை பெரும்பாலும் நம் கையில் இல்லை. தப்பு செய்தது கை, கட்டியது கண்ணை என்று தம்பியிடம் சொல்லப் பார்த்தேன். "கண்ணு இருக்கறவங்கதானே சார் கை வச்சாங்க?" என்றார். நெட்வொர்க்கில் அனுபவம் எட்டு மாதம்தான், பதில் மட்டும் எங்கிருந்து வருகிறதோ.

இந்தப் பேச்சு நடந்த அதே வாரத்தில் ஒரு பழைய நண்பர் போன் செய்தார். என் முந்தைய அலுவலகத்தில் இன்னும் இருப்பவர். பேக்கப் சர்வரைப் புது மெஷினுக்கு மாற்றுகிறார்களாம். "கட்டமைப்பு ஃபைல்ல உங்க பேர் போட்டு ஒரு வரி இருக்கு. சாக் அணைச்சிருக்கு. 'தற்காலிகம், ஃபயர்வால் சரியானதும் எடுக்கவும்'னு எழுதியிருக்கீங்க. எடுத்துடலாமா?" அந்த ஃபயர்வால் என்ன ஆனது என்று கேட்டேன். அதை எப்போதோ கழற்றி எறிந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்ததையும் கழற்றியாகிவிட்டது. இத்தனை வருடமாக அந்த சர்வர் யாரோடும் சாக் பேசவில்லை. அந்த வரி என்ன செய்கிறது என்று தெரியாததால் யாரும் அதைத் தொடவில்லை.

எடுத்துவிடுங்கள், ஆனால் இரண்டு முனைகளிலும் கேப்சர் போட்டுவிட்டு எடுங்கள் என்றேன். முதல் ராத்திரி ஒரு பாக்கெட்கூடத் தொலையவில்லை, அதனால் சாக் வேலை செய்கிறதா என்றே தெரியவில்லை. இரண்டாவது ராத்திரியும் அதே. இப்போது எல்லா லிங்க்கும் அவ்வளவு சுத்தம். விஷயத்தை நம் தம்பியிடம் சொன்னபோது, "அப்போ நாமே தொலைச்சிட வேண்டியதுதானே சார்" என்றார். அதையே நண்பரிடம் சொன்னேன். சர்வருக்கும் புது ஃபயர்வாலுக்கும் நடுவில் லினக்ஸ் போட்ட ஒரு பழைய லேப்டாப்பைச் செருகி, நூற்றுக்கு ஒரு பாக்கெட்டைத் தூக்கிப் போடும்படி அமைத்திருக்கிறார். ராத்திரி பதினொன்றரைக்கு பேக்கப் தொடங்கும். காலையில் கேப்சர் அனுப்புகிறேன் என்றார். கூடவே, "வேலை முடிஞ்சதும் அந்த லேப்டாப்பைக் கழட்டணும்னு ஞாபகப்படுத்துங்க" என்றும்.